டிவி கூப்பிட்ட முதல் பந்தி

போன ஆவணியில், மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எழுமலைப் பக்கம். ஒரு பஸ், ரெண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பைத்தான் என்ற கணினி மொழி படித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஜன்னல் மாதிரி ஒரு பெட்டியை உருவாக்கி, அதற்குள் எழுத்தை எப்படி வைப்பது என்பதுதான் அந்தச் சமயத்துப் பாடம். அப்படி வைக்கிற எழுத்துக்கு லேபிள் என்று பெயர். அக்கா கல்யாணத்துக்கு நானும் ஏதாவது செய்யவேண்டும் என்று ஆசை. நகை போடவா முடியும்? கையில் இருந்தது லேபிள்தான்.

நம்ம ஊர்ப் பந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருவர் ரசத்துக்கு வருவதற்குள் அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். மண்டபத்து ஹாலில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருந்தது. அதில் என் லேப்டாப்பை இணைத்து, இந்தப் பந்திக்கு இன்னார் போகலாம் என்று காட்டிவிட்டால் தள்ளுமுள்ளே இருக்காதே என்று தோன்றியது.

முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். லேபிளை உருவாக்கினேன், எழுத்தைக் கொடுத்தேன், ஓட்டினேன். வெறும் சாம்பல் நிறப் பெட்டிதான் வந்தது. பின்னால் நின்ற அப்பா, "எங்கடா எழுத்து? கரன்ட் பத்தலையா?" என்றார். லேபிளை உருவாக்கினால் மட்டும் போதாது. அதை ஜன்னலுக்குள் கொண்டுபோய் வை என்று 'பேக்' என்ற கட்டளையும் தர வேண்டும். அதை விட்டுவிட்டேன். சேர்த்ததும் வந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தாக. எழுத்தின் அளவைக் கூட்டினேன். பின்னணிக்கு மஞ்சள், எழுத்துக்குச் சிவப்பு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மண்டப வாசல் வரை போய் நின்று திரும்பிப் பார்த்து, "இங்கன வரைக்கும் பளிச்சுனு தெரியுதுடா!" என்று கத்தினார். அதற்கப்புறம் உள்ளே வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. "எம் மகன் எழுதுனது" என்று டிவியைக் காட்டிவிட்டுத்தான் காபியே கொடுத்தார்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்தது. நான் பட்டனைத் தட்டினேன். திரையில் ரெண்டு வரியாக வந்தது: "முதல் பந்தி: மாப்பிள்ளை வீட்டார் மட்டும். உணவுக்கூடத்திற்கு வரவும்."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

தெரியவில்லை போல என்று நினைத்து எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், படித்தார்கள், மறுபடியும் பேச்சில் இறங்கிவிட்டார்கள். பின்னணியைப் பச்சையாக்கினேன். அதற்கும் அசையவில்லை. சமையல் மாஸ்டர் தோளில் துண்டோடு வந்தார். "தம்பி, இலை போட்டு இனிப்பு வச்சாச்சு. ஃபேன் காத்துல இலை பறக்குது. ஆளு எங்கப்பா?"

மேடையிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மாலையும் கழுத்துமாகக் குனிந்து காதில் சொன்னார். "மாப்ள, எழுத்தை ஏன்டா பெருசாக்கிட்டே இருக்க? எங்க பெரியம்மா பயங்கர கோவத்துல இருக்கு. உங்க ஆளுக ஒருத்தரும் வந்து கூப்பிடலைல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் வீட்டார் கை கூப்பி நேரில் போய்க் கூப்பிட்டால்தான் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு எழுவார்கள். அப்பாவுக்கு இது தெரியாதா என்ன? ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் சிரித்த முகமாக நிற்கிறார். "நீதான் டிவியிலயே கூப்பிட்டியே!" விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. அக்கா போய் வாழப்போகிற வீடு. முதல் பந்தியிலேயே குறை என்றால், அது வருஷக்கணக்காக அவள் காதில்தான் விழும்.

மாப்பிள்ளையின் பெரியம்மா முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "அத்தை, சாப்பிட வாங்க" என்றேன்.

"அதான் போட்டிருக்கியே தம்பி, வரவும்னு. தாலுகா ஆபீஸ்லயும் இப்படித்தான் போட்டிருக்கான். நாங்க சாப்பிடப் போகணுமா, சாதிச் சர்டிபிகேட் வாங்கப் போகணுமா?"

பின்வரிசையில் ஒருவர், "டோக்கன் எந்த ஜன்னல்ல குடுக்குறாக?" என்றார். ஒரே சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

"எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான் அத்தை" என்றேன். "அக்காவுக்கு எதாச்சும் செய்யணும்னு செஞ்சேன். கூப்பிடுற மாதிரி எழுதத் தெரியலை. மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுச் சாப்பாடு, நீங்க வந்து உக்காந்தாத்தான் பந்தியே." அப்பாவும் வந்து பக்கத்தில் கை கூப்பி நின்றார்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டு நல்லாப் பேசத் தெரியுதுல்ல? இதை அதுல போடுறதுக்கு என்ன? மாத்து, எந்திரிக்கிறேன்."

லேப்டாப்பை டிவி வயரோடு அங்கேயே தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது அந்த வரிசையே எனக்கு வேலை சொல்ல ஆரம்பித்தது. "எழுமலைச் சொந்தங்களேன்னு போடு." "ஏன், உசிலம்பட்டிக்காரன் என்ன தக்காளித் தொக்கா? எங்களையும் போடு!" "மதுரைக்காரங்களை விட்டுட்டியே அண்ணே, சோறு அவங்களுது!" கேட்டது எல்லாவற்றையும் எழுதி லேபிளை மாற்றினேன். ஏற்கெனவே பெரிதாக்கி வைத்த எழுத்து, ஒரே வரியாக ஓடி, டிவியின் ரெண்டு பக்கமும் காணாமல் போனது.

"பாதிச் சொந்தம் செவத்துக்குள்ள போயிருச்சுடா!"

மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. இந்த அகலத்துக்கு மேல் போனால் மடங்கி அடுத்த வரிக்கு வா என்று லேபிளுக்குச் சொல்லலாம். அதையும் கொடுத்தேன். வரி வரியாக மடங்கி முழுசாக வந்தது: "எழுமலை, உசிலம்பட்டி, மதுரைச் சொந்தங்களே, வாங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்!" யாரோ விசில் அடித்தார்கள். அத்தை எழுந்தார். அவருக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் எழுந்தது.

கூடத்தில் இன்னொன்றும் நடந்தது. பரிமாறுவதை மேற்பார்க்கப் போன அப்பாவின் கையைப் பிடித்து, "ஒண்ணாத்தானே போட்டிருக்கு, உக்காருங்க சம்பந்தி" என்று தன் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டார் அத்தை. பெண்ணைப் பெற்றவர் முதல் பந்தியில் சாப்பிட்டதை எங்கள் சொந்தத்தில் நான் பார்த்ததே இல்லை. அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே ரெண்டு தடவை பாயசம் வாங்கினார். ஊற்றியது நான்தான்.

வேன் கிளம்பும்போது அத்தை ஜன்னல் வழியாகச் சொன்னார். "மருமகனே, எம் பேரனுக்குக் காது குத்து வருது. டிவி நீதான் போடணும்."

"போன்ல சொன்னா வரமாட்டேன் அத்தை. வெத்தலை பாக்கோட வந்து கூப்பிடணும்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே கை நீண்டு வந்து என் முதுகில் ஒன்று வைத்தது.

இப்போது கே.கே. நகரில் ஒரு சின்ன கம்பெனியில் இதே வேலைதான் பார்க்கிறேன். எழுத்து, அளவு, நிறம், அகலம் எல்லாம் கை பழகிவிட்டது. ஆனாலும் ஒரு லேபிளுக்குள் என்ன எழுதுவது என்று வரும்போது, அந்த முன்வரிசைக்கு எதிரில் நின்று இதை என் வாயால் சொல்வேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளாமல் என்னால் எழுத முடிவதில்லை.