ஜெனரேட்டரில் ஓடிய பாட்டு

போன வருடம் ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. இடம், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். எனக்கு மைக்செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோவில் நோம்பி என்று யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போவேன். பாட்டில் நல்லது கெட்டது பார்ப்பது என் வேலை இல்லை.

இங்கே இன்ஜினியரிங் படித்த நான்கு பையன்கள் ஒரு மெட்டல் பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். கறுப்பு பனியன், தோள் வரை முடி. அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நான்தான் மைக்செட். பேய், பிசாசு, சுடுகாடு என்று எல்லாம் இங்கிலீஷில் கத்துவார்கள். சாமி வந்த மாதிரி தலையை ஆட்டுவார்கள். எனக்கு ஒரு வரி புரியாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் தொந்தரவில்லாத பேய்கள், வந்த வேகத்தில் போய்விடும்.

அப்புறம் ஒரு வருடம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது பாட்டே மாறியிருந்தது. வேகம் பாதியாகக் குறைந்து, கிடாரில் அடித் தொண்டைச் சத்தம் மட்டும் வந்தது. டிரம்மில் விசைத்தறி ஓடுகிற தாளம். பாடுகிற பையன் கத்துவதை விட்டுவிட்டு, எழவு வீட்டில் பேசுகிற மாதிரி தணிந்த குரலில், தமிழில் பாடினான். கேட்டதற்கு, எடப்பாடிப் பக்கம் அவர்கள் ஊர் வாய்க்காலில் சாயத்தண்ணி கலந்து கிணறே கெட்டுவிட்டதாம், மாடுகூட வாய் வைப்பதில்லையாம். இனி இல்லாத பேயைப் பற்றிப் பாட மனசு வரவில்லை என்றான். நானும் சரி என்றேன். எந்தப் பாட்டானாலும் எனக்கு ஒரே வாடகைதான்.

அன்றைக்கு மண்டபத்தில் கூட்டம் பரவாயில்லை, முக்கால்வாசி கல்லூரிப் பிள்ளைகள். மண்டபத்துக்காரர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சாயப்பட்டறையும் உண்டு. பாட்டுக் கச்சேரி என்றதும் பழைய சினிமாப் பாட்டு பாடுவார்கள் என்று நினைத்து இடம் கொடுத்திருக்கிறார், பாவம். அந்த மண்டபத்துக் கல்யாணங்கள் எல்லாமே எனக்குத்தான் வரும். என் வீட்டில் அடுப்பு எரிவதே பாதி அவர் தயவில்தான்.

நான்காவது பாட்டில் அந்த வரி வந்தது. “ஏழு நிறத்துல ஓடுது வாய்க்கா, எந்த நிறத்தை நான் குடிக்கட்டும்?” அதையே திரும்பத் திரும்பப் பாடினான். யார் பேரும் சொல்லவில்லை, எந்தப் பட்டறையையும் சொல்லவில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? மண்டபத்துக்காரர் விருட்டென்று எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

லைட் போச்சு, ஃபேன் போச்சு, பாட்டு மட்டும் போகவில்லை. ஒருமுறை மண்டபத்து கரண்டில் வோல்டேஜ் ஏறி என் ஆம்ப்ளிஃபையர் புகைந்துபோனதிலிருந்து, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் போகிற கரண்டை மட்டும் வெளியே நிற்கும் என் வண்டியின் ஜெனரேட்டரிலிருந்துதான் எடுப்பேன். அவருக்கு அது தெரியாது. இருட்டில் அந்த வரி முன்னைவிடப் பயங்கரமாகக் கேட்டது. பிள்ளைகள் ஏதோ ஏற்பாடு என்று நினைத்து விசிலடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. செல்போன் வெளிச்சத்தோடு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏப்பா, இது உன்ற ஜெனரேட்டராப்பா? ஆஃப் பண்ணு. தையில ஏழெட்டுக் கல்யாணம் இருக்குது, ஞாபகம் வெச்சுக்க.”

என் கை மிக்ஸர் மேல்தான் இருந்தது. ஒரு விரல் அசைத்தால் போதும். பயந்தேன், பொய் சொல்லவில்லை. மேடையைப் பார்த்தேன். இருட்டில் அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலும் குடிக்கக் கேன் தண்ணிதான் வாங்குகிறோம் என்பது அந்த நேரத்தில் ஏன் நினைவுக்கு வந்ததோ தெரியாது.

“பாட்டு முடியட்டுங்க,” என்றேன். “பாதியில நிறுத்தற பழக்கமில்லீங்க.”

எனக்கே அது வேறு யாரோ பேசிய மாதிரி இருந்தது. அவர் செல்போன் வெளிச்சத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சியும் அதோடு முடிந்தது. வயரைச் சுருட்டும்போது பாடிய பையன் வந்து, பாட்டு பிடித்ததா என்று கேட்டான்.

“புடிக்கலீங்க தம்பி,” என்றேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. மண்டபத்துக்காரர் வந்து சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

தை மாதம் அந்த மண்டபத்துக்கு வேறு மைக்செட் போனது. இப்போது எருமப்பட்டி வரைக்கும் அலைந்து தொழில் பார்க்கிறேன். வீட்டில் இன்னும் திட்டுதான், அதில் தப்பும் இல்லை. நான் ஒன்றும் வீரனில்லை. அவர் இன்னொரு தடவை அதட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்கெல்லாம் மைக் வாடகைக்கு விடுகிற என் கையில், ஒருத்தன் வாயை அடைக்கிற அதிகாரமும் கூடவே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து யார் மேடையேறிப் பேச ஆரம்பித்தாலும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.