பழைய டிரெய்லரும் ஒரு டப்பா நீலப் பெயிண்டும்

பழைய டிரெய்லர் வியாபாரத்தில் வாங்குகிறவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான், விற்கிறவன் வாயை மூடிக்கொண்டு விற்பான். இரண்டு பக்கமும் நின்று உதை வாங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். செகண்ட் ஹாண்டில் ஸ்கூட்டரோ ஃபிரிட்ஜோ வாங்கிவிட்டு வீட்டில் பாட்டுக் கேட்ட அன்பர்களே, நீங்கள் எல்லாம் நம்ம ஆட்கள், கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

டில்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். கடைசிப் பத்து வருஷம் நிஜமாகவே குப்பைதான். உடைந்த நாற்காலி, ஓடாத கூலர் எல்லாவற்றையும் ஏலம் விடுகிற செக்ஷன். ரிட்டயராகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி கையில் அரிவாள்மணையைக் கொடுத்துவிடுவாளே என்ற பயத்தில் மஹிபால்பூர் பக்கம் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்தேன். வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, சொந்த எஞ்சின் இல்லாத டிரெய்லர்களை வாங்கி விற்பது தொழில். துணைக்கு வெல்டர் ரஃபீக் பாய். அவருக்கு இரும்பு தெரியும், எனக்கு ஃபைல் தெரியும். உருப்பட்ட மாதிரிதான்.

முதல் போணி

நான் முதலில் வாங்கின டிரெய்லர் ஒரு கல்யாண கான்ட்ராக்டருடையது. வண்டி மினுமினுவென்று இருந்தது. நான் அதன் பக்கம்கூடப் போகவில்லை. நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆர்.சி., வரி ரசீது, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரம் படித்தேன். ஒரு ரசீதில் தேதிக்குக் கீழே கையெழுத்து இல்லை என்று கண்டுபிடித்து, அதை வாங்கின பிறகுதான் கை குலுக்கினேன். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன்!

மனைக்கு இழுத்து வந்ததும் ரஃபீக் பாய் சுற்றிப் பார்த்தார். தரைத் தகட்டில் ஆள்காட்டி விரலை வைத்து லேசாக அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது. அத்தனையும் துரு, மேலே பெயிண்ட் மட்டும்தான் தகடு. எனக்கு ரத்தம் கொதித்தது. போனைப் போட்டுக் கத்தினேன். அந்த மனுஷன் பதறவே இல்லை. நிதானமாகச் சொன்னான்: "நீங்க பேப்பரைத்தானே சார் பாத்தீங்க? பேப்பர்ல ஒரு ஓட்டை காட்டுங்க, இப்பவே வண்டியைத் திருப்பி எடுத்துக்கறேன்."

இரண்டு டிராஃப்ட்

பாடம் கற்றுக்கொண்டேனா? கற்றுக்கொண்டேன், தப்பான பாடத்தை. இனிமேல் நான் மாட்டக்கூடாது, வாங்குகிறவன்தான் மாட்ட வேண்டும் என்று முடிவு செய்து, ஆபீஸ் ஏலத்தில் பயன்படுத்தின வாசகத்தைக் கடுதாசியில் அடித்து வைத்துக்கொண்டேன். 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது. பின்னர் எழும் எதற்கும் விற்பவர் பொறுப்பல்லர்.' பத்து வருஷத்தில் ஒரு நாற்காலிகூட என்னிடம் திரும்பி வந்ததில்லை. அவ்வளவு சக்தி வாய்ந்த மந்திரம்.

முதலில் அதில் கையெழுத்துப் போட வந்தவர் லக்ஷ்மிபாய் நகர் பெரியவர் ஒருவர், ஆடிட்டில் ரிட்டயரானவர். காருக்குப் பின்னால் சாமான் டிரெய்லர் கட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆசை. என் வாசகத்தைப் படித்து மூக்கைச் சுளித்தார். பேனாவை எடுத்து 'விற்பவருக்குத் தெரிந்த குறைகள் நீங்கலாக' என்று சேர்த்தார். நான் 'தெரிந்த' என்பதை அடித்து 'எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்ட' என்று போட்டேன். அவர் ஒரு பாரா சேர்த்தார், நான் ஒரு பாரா வெட்டினேன். இரண்டு பேருக்கும் ரிட்டயரான பிறகு அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் கிடைத்ததே இல்லை. ரஃபீக் பாய் நான்கு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கையெழுத்து ஆகி, டிரெய்லரைக் காரில் மாட்டி, பெரியவர் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கரகரவென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு டயரில் சொட்டுக் காற்று இல்லை, இன்னொன்று வெடித்துப் பாளமாகக் கிடக்கிறது. பெரியவர் கடுதாசியை மறுபடி முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அப்புறம் என்னை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார்: "டயரைப் பத்தி ரெண்டு பேருமே ஒண்ணும் எழுதலையே ஓய்!"

என் கைவண்ணம்

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? இனி வருவதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

செல்வி என்று ஒரு பெண். காலையில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவள். இட்லிக் கடை போடப் போகிறாள்; தம்பியின் பழைய வேனுக்குப் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லர் வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் ஒரு நீல டிரெய்லர் இருந்தது. வியாழக்கிழமை அதன் அடியில் படுத்துப் பார்த்த ரஃபீக் பாய், வேனோடு பூட்டுகிற கொக்கியின் கழுத்தில் நீளமாக விரிசல் விட்டிருப்பதைக் காட்டினார். வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார்.

ஒரு வாரம் போனால் அவள் வேறு இடம் போய்விடுவாள். "கடுதாசியில்தான் கையெழுத்து வாங்கப்போகிறோமே பாய், மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பிரஷ் அங்கே இருக்கு சாப், நீங்களே அடிச்சுக்குங்க. என் கை அதுக்கு வராது."

நானே அடித்தேன். இரண்டு கோட்டு.

முக்காலிச் சட்டம்

வெள்ளிக்கிழமை காலை செல்வி வந்தாள். தம்பி வேனை மாட்டினான். கூடவே ஆறு வயதுப் பெண் குழந்தை, ரெட்டைப் பின்னல். "வேன்ல முன்னாடி அண்டா, அடுப்பெல்லாம் வெச்சிருக்கு சார். நானும் பாப்பாவும் இதுலதான் வரணும்" என்றாள். இழுக்கிற டிரெய்லரில் ஆள் ஏறக்கூடாது என்று மட்டும் சொன்னேன். அவளுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கடுதாசியை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"சார், நான் வேலைக்குப் போற வீட்டுல ஃபேன் துடைக்கச் சொன்னா, ஸ்டூலைக் காட்டி, முதல்ல நீங்க ஏறுங்க மேடம்னுவேன். அவங்க ஏறினா நானும் ஏறுவேன். அச்சாவா, கெட்டியா இருக்கிற ஸ்டூல்னா பட்டுனு ஏறிடுவாங்க. இதுலயும் நீங்க முதல்ல ஏறி உக்காருங்க. ரோட்டுக்குப் போக வேணாம், இந்த மனைக்குள்ளயே ஒரு ரவுண்டு."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஏறினேன். உட்கார்ந்தேன். ரஃபீக் பாய் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனையின் கேட் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே லாரி போகிற ரோடு. தம்பி எஞ்சினைக் கிளப்பினான். வேன் ஒரு முழம் நகர்ந்தது. கொக்கியின் கழுத்திலிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. ஐயோ, சத்தியமாகச் சொல்கிறேன், முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் அவ்வளவு வேகமாக எந்த முடிவும் எடுத்ததில்லை. "நிறுத்துப்பா! நிறுத்து!" என்று அலறிக்கொண்டே குதித்தேன். ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

செல்வி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தாள். "இப்ப சொல்லுங்க சார், எங்க உடைஞ்சிருக்கு?"

சங்கிலி

காட்டினேன். பெயிண்ட் அடித்து மறைத்ததையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், குழந்தையின் முகத்தைப் பார்க்காமல். ரஃபீக் பாய் புதுக் கொக்கி வைத்துக் கொடுத்தார், கொக்கி கழன்றாலும் வண்டி விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலியும் பூட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் மனைக்குள் மூன்று ரவுண்டு உட்கார்ந்து காட்டின பிறகுதான் எடுத்துப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் கடைக்கு இட்லி சாப்பிடப் போனேன். நல்ல கூட்டம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தால் டிரெய்லரில் சங்கிலியைக் காணோம். கேஸ் சிலிண்டரை எவனும் தூக்கிப் போகாமலிருக்க வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு அறிவிருக்கா? கொடுக்கிற வரைக்கும் என் பொறுப்பு, அப்புறம் உன் பொறுப்பு இல்லையா? நடுரோட்டில் கழன்றால் பின்னால் வருகிறவன் கதி என்ன?" என்று சாம்பார் ஆறுகிற வரை கத்தினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நியாயம்தான் என்று தலையாட்டினாள். மரத்திலிருந்து சங்கிலியை அவிழ்த்து வந்து, குனிந்து, டிரெய்லரில் பூட்டினாள். அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்: "நான் சங்கிலியை மாட்டிட்டேன் சார். நீங்க அந்தப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

அன்றைக்குச் சாயந்திரமே போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் கடுதாசி கிடையாது, ஒவ்வொரு டிரெய்லரிலும் முதலில் நானே ஏறி மூன்று ரவுண்டு போய்க் காட்டித்தான் விற்கிறேன், என் இடுப்பு மட்டும் இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்.