எல்லாப் பழியும் சுவர்மேல்

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயர் சுவரு. அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. வீட்டு இணையம் சரியாக வரவில்லை என்று யார் புகார் கொடுத்தாலும் இவன்தான் போவான். போனதும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே நடுச்சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "சுவருதாங்க பிரச்சனை. அந்தக் காலத்துக் கட்டடம், கனமா எழுப்பிட்டாங்க" என்பான். போன மாதம்தான் பெயிண்ட் காய்ந்த புது வீடாக இருந்தாலும் இதே வசனம்தான். சுவர் வாயைத் திறந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்ற தைரியம்.

பதினாறு வருடச் சர்வீஸ். ஆரம்பத்தில் மொட்டைமாடிகளில் ஏறி டிவி கேபிள் இழுத்தான். கேபிள் அறுந்தால் அறுந்த இடம் எல்லோருக்கும் தெரியும், பொய் சொல்ல வழியில்லை. சிக்னல் காற்றில் போக ஆரம்பித்ததும் அவனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. காற்றில் எது அறுந்தது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

உண்மையில் பாதி வீடுகளில் பழுது என்று ஒன்றும் இருக்காது. ரவுட்டரின் சிக்னல் அளவு குறைவாக வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கம்பெனி கொடுத்திருக்கும் செயலியைக் கைபேசியில் திறந்து, ஒரு கோட்டை விரலால் வலது பக்கம் இழுத்தால் சரியாகிவிடும். பத்து வினாடி வேலை. அதை வாடிக்கையாளர் கண்ணெதிரே செய்வானா? மாட்டான். ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறுவான். பெட்டியை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்துவான். ஆன்டெனாக் கொம்புகளைத் திருப்புவான், தூசியை ஊதுவான். கீழே இறங்கி முதுகைக் காட்டி நின்றுகொண்டு கோட்டை இழுப்பான். "ஆஹா, இப்ப பறக்குதே" என்று வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவன் சொல்லும் பாடமும் அதுதான். "சரி பண்றது பெரிசில்லப்பா. எதையாவது நகர்த்தணும். ஒண்ணு நகர்ந்தாதான் ஜனங்க நம்புவாங்க."

இவ்வளவு பேரைச் சுலபமாக ஏமாற்றியவனுக்கு ஒன்று மட்டும் செரிக்கவே இல்லை. சில வீடுகளில் காதில் ஹெட்செட் மாட்டிய பெண்கள் கதவைத் திறப்பார்கள். அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளங்கையை அவன் முன்னால் தூக்கிக் காட்டுவார்கள். இரு என்று அர்த்தம். பத்து நிமிடமானாலும் அவன் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை நடித்துக் காட்டுவான். "பெரிய மகாராணி! கையைத் தூக்கிட்டா நாம நின்னுடணும்" என்று அவன் கையை ஆட்டும்போது அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதெல்லாம் ஒரு காலம்.

அவன் குடியிருந்தது மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு நடையும் கொண்ட வீடு. நடையில் வாசல் கதவுக்கு மேலே பரணில் ரவுட்டர் இருந்தது. மகளுக்குப் பதினொரு வயது. சமையலறை மூலையில் கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன்கள். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு மனைவி எட்டு மாதமாகப் பின்னறையில் உட்கார்ந்து தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தாள். பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்திருந்தான். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் அவள் விஷயத்தை உடைத்தாள். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பரீட்சை. நாற்பது நிமிடம் ஒரு குரல் பேசும், பேசப் பேச இவள் அடிக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் பரீட்சை முடிந்தது, இன்னொரு வாய்ப்பு கிடையாது. வீட்டு இணையத்தில்தான் எழுத வேண்டும், கைபேசி இணையம் கூடாது. பக்கத்தில் வேறு சத்தமும் கேட்கக் கூடாது.

"பாஸாயிட்டா நாள் முழுக்க ஹெட்செட்டோட உக்காந்திருப்பேன். நீங்க பெல் அடிச்சா கையைக் காட்டி நிக்க வைப்பேன், பரவால்லையா?" என்று விளையாட்டுக்கு உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"தாராளமா பண்ணு" என்றான். மீதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். குழாயைத் திறந்துவிட்டுக் கைபேசியை எடுத்தான். செயலியில் தன் வீட்டு இணைப்பு எண்ணைத் தட்டி, சிக்னல் கோட்டை இடது பக்கம் இழுத்தான். கெட்டவன் இல்லை, ஏதோ கோபத்தில் செய்துவிட்டான் என்று சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்வது அவன் பிழைப்பு, கதை சொல்கிறவர் பிழைப்பு இல்லை.

மறுநாளே பின்னறையில் லேப்டாப்பில் சிக்னல் ஒரே கோடுதான் காட்டியது. "என்னங்க, திடீர்னு இப்படி ஆயிடுச்சு?" என்று அவள் கேட்டதற்கு, எழுந்து போய் நடுச்சுவரைத் தட்டினான். கட்டிய மனைவியின் முன்னால், கூச்சமே இல்லாமல். "நடுவுல ரெண்டு சுவரு. மழை ஈரம் வேற ஏறியிருக்கு. என்ன பண்றது?"

அவள் அவனை நம்பினாள். பதினாறு வருடமாக ஊர் முழுக்கச் சிக்னல் சரி செய்கிறவனை நம்பாமல் யாரை நம்புவாள்? அடுத்த மூன்று வாரமும் அவன் சொன்னதையெல்லாம் செய்தாள். வழியை மறைக்கிறது என்றதும் மகளும் அவளுமாக ஃப்ரிட்ஜைத் தள்ளினார்கள். அதில் இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் சுவரைப் பிடித்து நடந்தாள். கண்ணாடி சிக்னலைத் திருப்பி அடிக்கும் என்றதும் பீரோக் கதவின் கண்ணாடியைக் கழற்றினாள். கட்டில்மேல் ஸ்டூல் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டே அடித்துப் பழகினாள். அவன் கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், இல்ல, பழைய இடமே தேவல" என்று டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவான். உச்சி குளிர்ந்து போயிருந்தது அவனுக்கு.

கடைசியாக மீன் தொட்டியைக் காட்டினான். "தண்ணி சிக்னலைக் குடிச்சிடும்."

சொன்னது பொய்யில்லை, தண்ணீர் குடிக்கும்தான். ஆனால் அந்தத் தொட்டி சிக்னல் வருகிற வழியிலேயே இல்லை. அது அவனுக்குத் தெரியும். மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழ அழ, மீன்களை ஒரு பாத்திரத்தில் அள்ளிக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள் மனைவி. ஐந்தாம் நாள் அதில் ஒன்று செத்து மிதந்தது. "அழாதடா. அம்மா முதல் சம்பளத்துல நாலு மீன் வாங்கித் தரேன்" என்று மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா வீட்டுக்குப் போய் எழுதிட்டு வந்துடட்டுமா?"

"ஊருக்கெல்லாம் நெட்டு குடுக்கறவன் பொண்டாட்டி இன்னொருத்தர் வீட்டு நெட்டுல போய் உக்காந்தா, என்னை எவன் மதிப்பான்? நான் இருக்கேன்ல? அன்னிக்கு லீவு போட்டுட்டுக் கூடவே இருக்கேன்."

"சரிங்க" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு, சந்தோஷத்தில்.

புதன்கிழமை சொன்னபடி லீவு போட்டான். அழைப்பு மணியின் ஒயரைக்கூடப் பிடுங்கி வைத்தான், சத்தம் வரக் கூடாதாம். பதினொரு மணிக்குப் பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டான். விசைப்பலகைச் சத்தம் சடசடவென்று விடாமல் வந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அந்த ஒற்றைக் கோட்டுச் சிக்னல் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது, அவள் தடுமாறவே இல்லை. இவ்வளவு வேகம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு வயிறு எரிந்தது. பதினொன்று பன்னிரண்டுக்குக் கைபேசியை எடுத்து, மிச்சமிருந்ததையும் இடது ஓரம் வரை இழுத்தான்.

சடசடப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. "போச்சுங்க" என்றாள். சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். அவன் பின்னால் போய்த் தோளில் கை வைத்து, "என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன்" என்றான். "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், சுவரு அப்படி" என்று அவள் அவனுக்கே ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டான், மனுஷன்.

இரண்டு நாளில் வீட்டைப் பழையபடி ஆக்கிவிட்டாள். ஃப்ரிட்ஜ் பழைய இடத்துக்குப் போனது, கண்ணாடி பீரோவில் ஏறியது. காலித் தொட்டியில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவனுக்குப் பெருந்தன்மை வந்தது. அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, இனி எதற்கு? சாயங்காலம் ஆட்டம் பார்க்கும்போது படம் நின்று நின்று வந்து அவனுக்கும் உயிர் போகிறது. மாடிப்படி இறங்கும்போதே கோட்டை வலது ஓரம் வரை இழுத்துவிட்டான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் தன் வீட்டில் பாடத்தை மறந்தான். எதையும் நகர்த்தவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒருவர் வீட்டில் ஸ்டூல்மேல் நிற்கும்போது மகள் அழைத்தாள். "அப்பா! பின்ரூம்ல நாலு கோடு காட்டுது! என்ன பண்ணீங்க?"

"அப்பான்னா சும்மாவா?" என்றான்.

"எதை நகர்த்துனீங்கன்னு அம்மா கேக்கறாங்க."

ஸ்டூல் ஆடியது. "ஒண்ணும் நகர்த்தல... சுவரு காஞ்சிருக்கும்டா. ஈரம் போயிருக்கும்."

மகள் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. "சுவரு காஞ்சிருக்குமாம்மா." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அரைமணி நேரத்தில் கைபேசியில் புதுப் புகார் வந்து விழுந்தது. அவன் பகுதி, அவன் தெரு, அவன் கதவு எண். புகார் விவரம் என்ற இடத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல் அடித்திருந்தது: 'சிக்னல் முழுமையாக வருகிறது. நேற்று வரை வரவில்லை. சுவர், ஃப்ரிட்ஜ், கண்ணாடி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. காரணம் தெரிய வேண்டும்.'

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். தள்ளினால் அந்த ஆள் படிப்பான், நாளைக்குக் கம்பெனி முழுக்கச் சிரிக்கும். புகாரை முடிக்க வாடிக்கையாளர் நான்கு இலக்க எண் சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் நைசாகப் பேசிக் கறந்தவன்தான், பெண்டாட்டியிடம் கறக்க முடியாதா என்ன? வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். படியேறும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. செயலியில் யார் எதை இழுத்தாலும் தேதி, நேரம், ஊழியர் எண்ணோடு கம்பெனியில் பதிவாகும். வாடிக்கையாளர் கேட்டால் வாசித்துக் காட்ட வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை. "எங்களையே வேவு பாக்கறானுங்க" என்று அதைப் பற்றி அவன் புலம்பியது ஒரே ஒரு ஆளிடம்தான்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. பெல் அடித்தான். சத்தம் வரவில்லை, ஒயரைப் பிடுங்கியவன் அவன்தான். கதவைத் தட்டினான். மகள் திறந்தாள். எப்போதும்போல அவன் பையை வாங்கக் கை நீட்டவில்லை. வெங்காயத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள் போல, கையெல்லாம் ஈரம்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே பின்னறை வாசலுக்குப் போனான். மனைவி ஹெட்செட் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ம், சொல்லுங்க சார். போன மாசம் எட்டாம் தேதி, ராத்திரி ஒன்பது மணி ஆறு நிமிஷம், முப்பது சதவீதமா இறக்கியிருக்கு. ம், எழுதிட்டேன். அடுத்தது? புதன்கிழமை..." விரல்கள் ஒரு நொடி நின்றன. "பதினொன்னு பன்னெண்டா? ஆமா சார், அன்னிக்குதான். பூஜ்யம். ம், எழுதிட்டேன்."

"ஏய், இங்க பாரு, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்று அவன் ஓர் எட்டு உள்ளே வைத்தான்.

அவள் திரும்பவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் அவன் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

அவன் நின்றான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்த ஊழியர் சார்? பேரு சொல்லுங்க" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "சரியா விளங்கல, ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க" என்றாள். திரையின் மூலையில் நான்கு கோடும் முழுதாக இருந்தன. உயர்ந்த கை இறங்கவில்லை. பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவனுடைய பெயரை, முன்பின் கேட்டிராத பெயரைப் போல, வலது கையால் ஒவ்வோர் எழுத்தாக அடித்து முடித்தாள்.