தைப்பொங்கலுக்குக் கழுவிய கார்

எங்கள் வீட்டில் காரை ஓட்டுவது நான். காரைக் கும்பிடுவது என் கணவர். அவருக்கு லா சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. வீட்டுப் படியிறங்கித் தெருவைக் கடந்தால் அடுப்படி வந்துவிடும். எனக்கு வேலை நகருக்கு வெளியே, ஆர்ஜொந்தெய்க்கும் அப்பால், ஒரு பிரெஞ்சுக்காரியின் பூங்கன்றுப் பண்ணையில். ரயிலில் போனால் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ் அதற்கு மனம் வந்தால்தான் வரும். அதனால் லைசென்ஸ் எடுத்தது நான், கார் வாங்கியது நான், அதன் வருத்தம் துன்பம் பார்ப்பதும் நான். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் காட்டுவது மட்டும் அவர். "உம்மடை கையாலை ஓடுறது பாதிதான், மிச்சத்தை அவன் பாத்துக்கொள்ளுறான்" என்று மேலே கையைக் காட்டுவார். அந்த மேலே இருப்பவர் ஒரு நாளும் எஞ்சின் எண்ணெய் மாற்றியதை நான் பார்க்கவில்லை.

குளிர் இறுகுவதற்கு முன் காருக்குச் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. பற்றரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பேன். ரேடியேற்றருக்குள் உறையாத திரவம் போதுமா என்று பார்ப்பேன். முன்கண்ணாடி கழுவும் தண்ணீரைக் குளிர்காலத்துக்கு உரியதாக மாற்றுவேன். கடைசியாக, கதவுகளைச் சுற்றியிருக்கும் ரப்பரில் கிளிசரின் பூசுவேன். பூசாவிட்டால் உறைபனி நாளில் ரப்பர் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு கதவு திறக்காது. இதெல்லாம் தெருவோரத்தில் நின்று செய்கிற வேலை என்பதால் போகிற வருகிற சனமெல்லாம் நின்று விசாரிக்கும். "ஏன், அவர் வீட்டிலை இல்லையோ?" என்று கேட்பவர்களுக்கு, "இருக்கிறார், மேலை தேவாரம் படிக்கிறார்" என்று பதில் சொல்வேன்.

பண்ணையிலும் குளிர்காலம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற காலம் அல்ல. வெளிக் குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல் வடித்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாடிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். ரோசாக்களை வெட்ட வேண்டும். வெறுஞ்சாடிகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அது முடிகிறபோது விரல்கள் யாரோ ஒருவருடையவை மாதிரி இருக்கும். வசந்தத்தில் வருகிறவர்கள் என்னைப் பார்த்து, பூக்களோடு வேலை செய்வது எவ்வளவு சந்தோசம் என்பார்கள். தை மாதத்தில் அவர்களில் ஒருவரையும் கண்ணால் காண முடியாது.

பண்ணையின் சொந்தக்காரியை நாங்கள் மதாம் என்போம். கெட்டிக்காரி, கடுமையானவர், தேவையில்லாமல் ஒரு சொல்லும் பேச மாட்டார். போன இலையுதிர்காலத்தில் நான் வீட்டுக் குசினி யன்னலில் விதை போட்டு முளைக்க வைத்த கறிவேப்பிலைக் கன்றுகளில் ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். இலையைக் கசக்கி மணந்தார். திரும்பவும் மணந்தார். பிறகு இது எவ்வளவு உயரம் வளரும், எந்த மண் பிடிக்கும், எவ்வளவு குளிர் தாங்கும் என்று வரிசையாகக் கேட்டார். நான் அங்கே வேலை செய்த அத்தனை வருடங்களில் அவர் எனக்கு வேலை சொல்லியிருக்கிறார், என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அவர் எனக்குச் சின்னப் பிளாஸ்டிக் கூடாரத்தில் ஒரு நீளமேசை தந்தார். நிபந்தனையும் சொன்னார். அந்தக் கூடாரத்துக்கு இருப்பது பழைய மண்ணெண்ணெய் ஹீட்டர் மட்டும். அதற்கு மாலையும் காலையும் எண்ணெய் விடுவது என் பொறுப்பு. ஜனவரி நடுப்பகுதியில் வந்து பார்ப்பார். கன்றுகள் உயிரோடு நின்றால் மேசை எனக்கே, வசந்தத்தில் அவற்றைப் பண்ணையிலேயே விற்கலாம். குளிர் தாங்காது என்று தெரிந்தால் மேசையில் பான்சிப் பூ நாற்று வைப்பார். அந்த மேசை எனக்கு வேண்டும். வேறு யாருக்கோ பிடித்த பூக்களையே வளர்த்து வந்த எனக்கு, என் கையால் என் சாமான் ஒன்று வளர்ந்து விலைபோக வேண்டும் என்று பெரிய ஆசை. எங்கள் வீட்டுக்கு எதிரே மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணையும், "தங்கச்சி, மாசி பங்குனியிலை கண்டு தந்தால் கடை வாசலிலை வைச்சு வித்துத் தருவன்" என்று சொல்லியிருந்தார்.

குளிரில் கறிவேப்பிலை நித்திரை கொள்ளும். அந்த நேரம் அதற்குத் தண்ணீர் கொடுப்பது நித்திரைகொள்பவருக்கு வாயில் சோறு திணிக்கிற மாதிரி. வேர் குடிக்காது, ஈரத்தில் கிடந்து அழுகும். நான் கார்த்திகையிலேயே தண்ணீரைக் குறைத்து, மார்கழியில் நிறுத்திவிட்டேன்.

இதை என் கணவருக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. அவர் தினமும் விடிய முழுகிவிட்டு, பல்கனிக் கண்ணாடிக்கு உள்பக்கம் வைத்திருக்கும் துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிட்ட பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். வெயிலோ பனியோ, செம்பு செம்புதான். அந்த வீட்டில் இதுவரை மூன்று துளசிகள் அழுகிச் செத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் "கண்ணூறு" என்று சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வருவார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. கன்றுகளை வெள்ளைத் துணியால் போர்த்த எனக்கு இன்னொரு சோடிக் கை தேவைப்பட்டது. மதாமைக் கேட்காமல் வெளியாளைப் பண்ணைக்குள் விடக்கூடாது என்று தெரிந்தும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் நீரே உண்டாக்கினனீர்?" என்று கேட்டார். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"இஞ்சாரும், மண் பொருபொருவெண்டு கிடக்குது."

"அப்பிடித்தான் கிடக்க வேணும். நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ, துணியைப் பிடியுங்கோ."

போர்த்துவதற்கு முன் நான் காருக்குப் போய்க் கொக்கிகள் எடுத்து வந்தேன். அவ்வளவு நேரம்தான் அவர் அங்கே தனியாக நின்றார். பிறகு இருவரும் துணியை இழுத்து மூடிவிட்டு வீடு வந்தோம். பார்க்க வருகிற நாள் பொங்கலன்று என்று மதாம் சொல்லியிருந்ததைக் காரில் வரும்போது அவரிடம் சொன்னேன். "நல்ல நாளாய்த்தான் பாத்துச் சொல்லியிருக்கிறா" என்று அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் நான் காரைத் தெருவில் விட்டுவிட்டு மேலே வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நாளைய முழுக்குக்கு இன்றே ஒத்திகை பார்க்கிறார் போல என்று நினைத்தேன். மனுசன் வாளி வாளியாகத் தண்ணீரைக் கீழே கொண்டுபோய்க் காரைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதை விடியற்காலையில்தான் கண்டேன். இரவு பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை போயிருந்தது. தெரு விளக்கின் கீழே கார் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி மினுங்கியது. பொனெட்டில் சந்தனமும் குங்குமமும் பனிக்கட்டிக்குள் அகப்பட்டிருந்தன. நான்கு டயர்களுக்கு முன்னும் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் கல்லாகிவிட்டன. கதவை இழுத்தேன். அசையவில்லை. மற்றப் பக்கம் போய் இழுத்தேன். அதுவும் அப்படியே.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

வேட்டியும் அதற்கு மேல் குளிர்ச் சட்டையுமாகப் படியில் நின்றார். "பொங்கலுக்கு வாகனம் ஊத்தையாய் நிக்கலாமே? இண்டைக்கு உம்மடை கண்டு பாக்கிற நாளும். வடிவாய்ச் சோப்புப் போட்டுக் கழுவினனான். கதவு ரப்பரிலை ஏதோ பிசுபிசுவெண்டு ஊத்தை, அதையும் தேய்ச்சு எடுத்தனான்."

நான் பூசியிருந்த கிளிசரின்தான் அந்த ஊத்தை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பனியே உருகியிருக்க வேண்டும். ஹீட்டரில் மாலை விட்ட எண்ணெய் ஏழு மணிவரைதான் தாங்கும். மதாமுக்கு அழைத்தேன்; அவர் பூச்சந்தையில் நின்றிருப்பார், எடுக்கவில்லை. ரயிலையும் பஸ்ஸையும் நம்பிப் போனால் ஒன்பதரை ஆகும்.

எதிர்க்கடை அண்ணை மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர் தெருவைக் கடந்து வந்தார். "என்ன தங்கச்சி, கதவு திறக்கேல்லையோ?"

"உங்கடை தம்பி காரை முழுக்காட்டியிருக்கிறார், அண்ணை."

"சுடுதண்ணி ஊத்துவமே?"

"இதுக்குப் பிறகு ஆரும் இந்தக் காருக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினால் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அண்ணை டிக்கியைக் கையால் தட்டிப் பார்த்தார். அதற்குள் என் துணிச் சுருள்களும் சாடிகளும் இருந்ததால் என் கணவர் அந்த ரப்பரில் மட்டும் கை வைக்கவில்லை. இரண்டு குத்துக் குத்தியதும் திறந்துகொண்டது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். பின்சீற்றைத் தாண்டி முன்னுக்கு ஊர்ந்து போய், உள்ளிருந்து என் பக்கக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். அண்ணை சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"இறங்குங்கோ, நான் போகவேணும்."

"நானும் வாறன். அதுகளைப் பாக்காமல் எனக்குப் பொங்கேலாது" என்று பக்கத்துச் சீற்றில் நகர்ந்து இருந்துவிட்டார். கார் எலுமிச்சம்பழங்களை நொறுக்கிக்கொண்டு புறப்பட்டது. வழி முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது எட்டு மணியாகிவிட்டது. ஹீட்டர் அணைந்து குளிர்ந்து கிடந்தது. அதை மூட்டிவிட்டுத் துணியை விலக்கினேன். பல கன்றுகளில் இலை உதிர்ந்திருந்தது. இலை உதிர்வது சாவு அல்ல. தண்டை நகத்தால் கொஞ்சம் சுரண்டினால் தெரியும். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. முதல் கன்றைச் சுரண்டினேன். பச்சை. அடுத்தது பச்சை. அந்த வரிசை முழுக்கப் பச்சை. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

வாசல் பக்கத்து வரிசையில் மட்டும் எல்லாம் மண்ணிறம். தண்டின் அடி கறுத்துக் குழைந்திருந்தது. வாசல் குளிர் அடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சாடியைத் தூக்கினேன். கனத்தது. மற்ற வரிசைச் சாடி ஒன்றைத் தூக்கினேன், காற்றுப்போல இருந்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை நான் கொக்கி எடுக்கப் போன நேரம் வாசல் வாளித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மதாம் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், வேட்டியோடு நின்ற மனிதரைப் பார்த்தார், பிறகு நேரே வாசல் வரிசைக்குப் போய்க் கறுத்த தண்டைத் தொட்டார். குளிர்தானே, என்று கேட்டார். குளிர் என்றால் இந்தக் கூடாரம் இதற்குச் சரிவராது. இன்று ஒரு வரிசை, அடுத்த பனிக்கு மிச்சமும் போகும். மேசையை வெறுமையாக்கிவிடலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், வெளியாளைக் கேளாமல் கூட்டிவந்தது வெளிவரும். என் மனுசன் அந்த அம்மாவுக்கு முன்னால் முட்டாளாக நிற்பார். அவர்மீது எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்ததோ, அவரை இன்னொருவர் ஏசப் பார்த்துக்கொண்டு நிற்க அவ்வளவு மனமில்லை. ஓம், குளிர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சே முவா, மதாம்" என்றார் என் கணவர்.

பிரெஞ்சில் நான்தான் என்று அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அரசாங்கக் கச்சேரி, வங்கி, டொக்டர், எங்கே போனாலும் "நீரே கதையும்" என்று என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிற மனிதர். கையால் செம்பு கவிழ்ப்பதுபோலக் காட்டி, "லோ... முவா. திமான்ஷ்" என்றார். தண்ணீர், நான், ஞாயிற்றுக்கிழமை. பிறகு வரிசையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் காட்டினார். மற்ற வரிசைகளைக் காட்டி, என்னைக் காட்டி, "எல், நோ" என்றார். அவ ஊற்றவில்லை.

மதாம் ஒரு நனைந்த சாடியையும் ஒரு காய்ந்த சாடியையும் இரு கையிலும் தூக்கிப் பார்த்தார். காய்ந்ததைச் சுரண்டினார். ஹீட்டர் ஏழு மணிக்கே அணைந்ததை நான் சொன்னேன். அணைந்த ஹீட்டரோடு ஒரு மணித்தியாலம் தாங்கியிருக்கிறது என்றால் இது பிழைக்கும் என்றார். செத்த வரிசையை எடுத்துவிட்டு மிச்சத்தை இடைவெளி விட்டு வை, மேசை உனக்கு என்றார். போகும்போது, தன்னைக் கேட்காமல் இனி ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று எனக்கும், தண்ணீரைக் கோடைக்கு வைத்திருக்கச் சொல்லு என்று அவருக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னவாம்?" என்று கேட்டார் என் கணவர்.

"மேசை எங்களுக்காம்."

அவர் செத்த கன்றுகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். நான் உதவிக்குப் போகவில்லை. அது அவருடைய வேலை என்று விட்டுவிட்டேன். அன்று மத்தியானம்தான் பொங்கினோம். பால் நன்றாகவே பொங்கியது.

அடுத்த நாள் விடிய முழுகிவிட்டுச் செம்போடு துளசிக்கு முன்னால் போய் நின்றார். நான் குசினியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து, விரலை மண்ணுக்குள் விட்டு, எடுத்துப் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டு, செம்புத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.