கப்பல்காரர் வீட்டு வளர்ப்புப் பெண்

அரை மணி நேரம் ஓடினால் போதும், அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியின் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுடும். மடியில் வைத்தால் பாவாடையைத் தாண்டித் தொடை எரியும் என்பதால், நானும் செல்வியும் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து விளையாடுவோம். அண்ணன் கோயம்புத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். அதில் யாரோ பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த ஒரு விளையாட்டு இருந்தது. பனிக்கடலின் ஓரத்தில் வாழும், பாம்புத்தலைக் கப்பல் ஓட்டும், தாடி பின்னிய மக்களின் உலகம் அது. நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் "கப்பக்காரவுக".

செல்வி என் அத்தை மகள். அப்பா இல்லாத பிள்ளை. டவுனில் படிக்கட்டும் என்று பரளச்சியிலிருந்து பாளையம்பட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். என் வகுப்புதான், என் பெஞ்சுதான், என் பாய்தான். வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு வரும் அப்பா, காரச்சேவுப் பொட்டலத்தை முதலில் அவள் கையில்தான் கொடுப்பார். "தகப்பன் இல்லாத பிள்ள, நீ கொஞ்சம் பொறுத்துக்க," என்பாள் அம்மா. எத்தனை நாளைக்குப் பொறுப்பது?

விளையாட்டிலும் அவளே கெட்டி. திரையில் வரும் இங்கிலீசை அகராதி வைத்துப் படித்து, கப்பல்காரர்களின் வழக்கமெல்லாம் எனக்குச் சொல்லித் தருவாள். விருந்தாளி வந்தால் மூன்று ராத்திரிக்குப் பேர்கூடக் கேட்கக் கூடாது, சோறுதான் போட வேண்டும். செத்தவரைப் படகில் வைத்துக் கடலில் தள்ளித் தீ மூட்டுவார்கள். பெரிய கூடத்தின் நடுவே நீளமாக நெருப்பு எரியும். தலைவருக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காருகிறோமோ அவ்வளவு மதிப்பு. பிள்ளையை இன்னொரு வீட்டில் வளர்க்கக் கொடுப்பதும் அவர்களிடம் உண்டு. தலைவர் ஊரறிய அந்தப் பிள்ளையைத் தன் மடியில் உட்கார வைத்துவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளைதான். "நம்மூர்ல காது குத்துறப்ப தாய்மாமன் மடியில வைக்கிறாகல்ல, அதேதான்," என்றாள் செல்வி. எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குக் காது குத்தியது என் அப்பா மடியில். எனக்குக் குத்தியது அம்மாவின் அண்ணன் மடியில், அந்த மாமாவின் வேட்டியை நான் நனைத்துவிட்ட கதையை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பாவின் மடியில் ஊரறிய உட்கார்ந்தது நான் இல்லை, அவள்தான் என்பது அதற்கு முன் எனக்கு உறைத்ததே இல்லை.

எங்கள் கப்பல்காரத் தலைவருக்கு அப்பாவின் பெயரையே வைத்திருந்தோம். பெற்ற மகள் சுதா, அதாவது நான். வளர்ப்பு மகள் செல்வி. ஒவ்வொரு வசந்தத்திலும் பாறைமேல் ஊர்க்கூட்டம் கூடும். வளர்ப்புப் பிள்ளையைப் பற்றிக் குறை ஏதும் உண்டா என்று அங்கே பெற்ற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். உண்டு என்றால், என்ன குறை என்றுகூடக் கேட்க மாட்டார்கள். வளர்ப்புப் பிள்ளை மறு பேச்சில்லாமல் அடுத்த கப்பலில் தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டு வசந்தம் "இல்லை" என்றே அழுத்தினேன்.

எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சையில் செல்வி முதல் ரேங்க். அப்பா பந்தல்குடிக்கு லோடு இறக்கப் போன இடத்தில் அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்து, தானே கட்டிவிட்டு, "எம் மருமக கலெக்டராகப் போறா," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டபோது அவர் எத்தனாவது ரேங்க் என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை மத்தியானம், அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து மடிக்கணினியைத் திறந்தேன். ஊர்க்கூட்டம் வந்தது, கேள்வி வந்தது. "உண்டு" என்று அழுத்தினேன். வளர்ப்பு மகள் கப்பலில் ஏறினாள். தலைவர் கரையிலேயே நின்றார். மறக்காமல் சேமித்தும் வைத்தேன்.

ஞாயிறு காலையில் செல்வி அதைப் பார்த்தாள். கத்துவாள், அப்பாவிடம் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளோ மடிக்கணினியை மூடிவிட்டு, கொடியில் கிடந்த யூனிஃபார்மை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அது விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை.

"ஊருக்குப் போறேன் மாமா. அங்கிட்டே பள்ளிக்கூடம் இருக்குல்ல."

"யாரும் எதாச்சும் சொன்னாகளா ஆத்தா?"

"யாரும் ஒன்னும் சொல்லல மாமா. அம்மா ஒத்தையில இருக்காக."

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பழி விழுந்துவிட்டது. "நான் ஒரு சொல்லு சொன்னதில்லங்க, மாரியம்மா மேல சத்தியம்," என்று அம்மா அழுதாள். அப்பா அவளிடம் ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை, அவள் போட்ட சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்கையும் சாப்பிட்டேன், வாயைத் திறக்கவில்லை. காரச்சேவுப் பொட்டலம் அதற்குப் பிறகு என் கைக்குத்தான் வந்தது. தின்னவே பிடிக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பேட்டரி உப்பிய மடிக்கணினி பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. அந்த விளையாட்டை எவ்வளவோ தேடிவிட்டேன், அதன் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. செல்வி படித்து, பந்தல்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. வீட்டில் சண்டை வந்தால் மட்டும் அப்பா இன்றைக்கும், "எந் தங்கச்சி மகள வெரட்டி விட்டவதான நீ," என்பார். அம்மா பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

போன மாதம் மருந்துக்கடையில் செல்வியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், அன்று ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சிரித்தாள்.

"நானா இருந்தா மொத வசந்தத்துலயே உன்னையக் கப்பல்ல ஏத்திருப்பேன், சுதா. அம்புட்டு வயித்தெரிச்சல் எனக்கு. மாமா யாருக்கு என்ன வாங்கிக் குடுத்தாலும், அவுகள அப்பான்னு கூப்பிடுறது நீதான? ஆனா எங்கிட்ட அந்தக் கேள்விய யாரும் கேக்க மாட்டாகல்ல."

பாளையம்பட்டிக்குப் பஸ் வரும்வரை நின்றேன், உட்கார முடியவில்லை. வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"செல்விய அனுப்புனது அம்மா இல்லப்பா. நாந்தான்."