தறிக்குழியில் பிளீச்சிங் பவுடர்

முதல் நாய்க்குட்டி எங்கள் தறிக்குழியில்தான் செத்தது. அப்பா காலைத் தொங்கவிட்டு நெய்யும் அந்தக் குழியின் குளிர்ந்த மண்தான் அதற்குப் பிடித்த இடம். வாந்தியும் ரத்தபேதியுமாக அங்கேயே சுருண்டுவிட்டது. அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பெரியப்பா கற்பூரம் ஏற்றிவிட்டு, தீட்டு கழிந்ததென்று மறுவாரமே வேறொரு குட்டியைத் தூக்கிவந்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆறாம் வகுப்புச் சீருடையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். அது பார்வோ வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும் என்றார் டாக்டரம்மா. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும்; தடுப்பூசித் தவணை முடியும்வரை புதுக்குட்டியை அந்தத் தரையில் விடக் கூடாது.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற எந்த வீடும் பிளீச்சிங் பவுடரைப் படியேற விடாது. நெடி பட்டால் சரிகை கறுக்கும், பட்டு இற்றுப்போகும்.

"மேல பட்டுப் பாவு இருக்குது, கீழ பவுடர் கொட்டுவாளாம்," என்று பெரியப்பா சிரித்தார். "நம்ம வீட்ல பள்ளிக்கூடம் போன மொத ஆளு. நாயிக்கு ஊசி போடத்தான் படிச்சிக்கினு இருக்குதுபா."

"ஆமா பெரிப்பா. அதுக்குந்தான் படிக்கிறேன்."

குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சோறு ஆறிக்கினு இருக்குது, உள்ள வாம்மா," என்றாள் அம்மா.

"குழிய கழுவாம இது உள்ள வராது. நானும் வர மாட்டேன்."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அப்பா எழுந்து வந்து, குட்டியை வாங்கி எதிர்வீட்டு மொட்டை மாடியில் விட்டுவந்தார்.

தறியில் இருந்த புடவை முடிந்தது. ஒரு புடவையை அறுத்ததும் அடுத்ததற்கான பாவு நூலைத் தறியில் பிணைப்பதுதான் வழக்கம். அப்பா பிணைக்கவில்லை. பட்டு இழை கோத்திருந்த அச்சையும் விழுதையும் கழற்றித் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார்.

"ஊத்துமா," என்றார்.

ஊற்றினேன். நெடி போகும்வரை தறி சும்மா கிடந்தது. ஊசிகள் முடிந்து குட்டி கீழே இறங்கி, அதே குழியில் குண்டாகத் தூங்கி வளர்ந்தது. தெரு முழுக்க நான் தலைநிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வில் இன்றும் ஓர் இம்மி குறைத்துக்கொள்ள மாட்டேன்.

தறி சும்மா கிடந்த நாட்களில் அப்பா விடிந்ததும் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அண்ணனோடு பேசப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அங்கே அண்ணன் தறியில் கூலிக்கு உட்கார்ந்து, அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே நெய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.