ரெஜினாவின் கைபேசி

ரெஜினா போய்விட்டார் என்ற செய்தி, அவர் கடைசிவரை தன் கைபேசியில் ஏற்ற மறுத்த ஒரு செயலியின் வழியாகத்தான் எனக்கு வந்தது. ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோவில் உட்கார்ந்தபடி படித்தேன். துக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பிரேசர் டவுன் தேவாலயப் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். எனக்கு அவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை. வயதில் சற்று மூத்தவர். தயாரித்த நிறுவனமே கைகழுவிவிட்ட போன்களில், யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல இயங்குதளத்தை ஏற்றி ஓடவைப்பது எங்கள் ஐந்து பேரின் ஞாயிற்றுக்கிழமை வேலை. அதைத் தொடங்கியவர் ரெஜினா.

முதல் முட்டுக்கட்டை கேமரா. அதை இயக்கும் நிரலைச் சிப் தயாரித்த நிறுவனம் தர மறுத்தது. ஒரு கருத்தரங்கில் அதன் பிரதிநிதியை மடக்கி ரெஜினா காரணம் கேட்டார்.

"அது கம்பெனி பாலிசி, மேடம்."

"காசு குடுத்து வாங்கினது நாங்க. உள்ளே என்ன இருக்குன்னு கேட்டா மட்டும் பாலிசியா?"

இரண்டு வருடம் ரெஜினா தானே தோண்டித் துருவிக் கேமராவை உயிர்ப்பித்தார். முதல் படத்தில் என் முகம் பச்சையாக விழுந்தது. கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக எங்கள் போன்களில் திறக்க மறுத்தன. 'இந்தக் கருவி பாதுகாப்பற்றது' என்றன.

"வருஷக்கணக்கா அப்டேட் இல்லாத பழைய சிஸ்டம் பாதுகாப்பாம். போன வாரம் நாம ஓட்டையை அடைச்சது ஆபத்தாம்!" என்று கொதித்தார்.

டீக்கடையில்கூடப் பணம் கட்ட முடியாத போனை யார் வைத்துக்கொள்வார்கள்? பயன்படுத்தியவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். நானும் இன்னொரு போன் வாங்கினேன். அவர் கோபிக்கவில்லை. "ரெண்டு போன் வெச்சுக்கோ, பிரபு. ஆனா அதைத் தீர்வுன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

பிறகு நோய் வந்தது. மருத்துவமனையில் காப்பீட்டு ஒப்புதலை ஒரு செயலியில்தான் தரவேண்டும் என்றார்கள். அவர் போனில் அது திறக்கவில்லை. வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, கவுன்டரில் இருந்த பெண் "ஆகல்ல சார்" என்று கன்னடத்தில் கைவிரித்தார். அறுவை சிகிச்சை காத்திருந்தது. ரெஜினாவோ படுக்கையிலிருந்து செயலியின் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெஜினா, சிம்மைக் கழட்டிக் குடுங்க. என் போன்ல போட்டுக்கலாம்" என்று கத்தியேவிட்டேன்.

தந்தார். ஒப்புதல் கிடைத்தது. "இன்னிக்கு அவங்க ஜெயிச்சாங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோற்றுப்போய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடக்கத்தின்போது ஒருவர் என் காதருகே, "நல்ல மூளை. வீணாக்கிட்டாங்க" என்றார். திறமூல இயங்குதளம் எல்லோர் கைபேசியிலும் ஓடும் என்று இன்று என்னால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. மூடிய கதவுகள் கூடிக்கொண்டே போகின்றன. எங்கள் குழுவில் மிஞ்சியிருப்பவர்கள் இருவர்.

அடுத்த திங்களன்று அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். 'ஆதரிக்கப்படும் கருவியைப் பயன்படுத்தவும்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. ரெஜினாவாக இருந்தால் அன்றைக்கே மறுபடி எழுதியிருப்பார். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். மறுபடி எழுதினேன்.